உடைந்த பீங்கான் தட்டும் லாரித் தார்ப்பாயும் ஓவியம் ஆவது எப்படி?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுவார்கள். குனிந்து தொட்டுப் பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆனால் அந்தக் கல்லில் இருப்பது என்ன படம் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பூ மாதிரி ஒன்று இருக்கும், நட்சத்திரம் மாதிரி ஒன்று இருக்கும், சில கற்களில் அதுவும் இல்லாமல் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மட்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், யாருக்கும் அதில் குழப்பம் வராது. அதே ஆட்களைக் கொண்டுபோய் ஒரு நவீன ஓவியத்துக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள், வாயில் வருகிற முதல் கேள்வி "இது என்ன படம், ஒன்றும் புரியலையே?" என்பதுதான்.

அந்தக் கேள்வியோடு நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கலைக்கல்லூரியில் படித்திருக்க வேண்டாம், எந்த ஓவியரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டாம். உதாரணத்துக்கு முக்கியமாக ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்க ஓவியர் ஜூலியன் ஷ்னாபெல். 1951இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், இளவயதில் குடும்பத்தோடு டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரவுன்ஸ்வில் ஊருக்குப் போனவர், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு நியூயார்க் திரும்பி ஓட்டலில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். பிற்பாடு சினிமா இயக்குநராகி, 2007இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கினார். உருவத்தைக் கலைத்துப் போடுவது, கையில் கிடைத்த பொருளையெல்லாம் ஓவியத்துக்குள் கொண்டுவருவது, சினிமா என்று மூன்றும் இவர் ஒருவரிடமே கிடைக்கின்றன. தனித்தனியாகப் படித்தால் மலைப்பாக இருக்கிற விஷயங்கள், ஒரே ஆளின் வேலையில் சேர்ந்து இருக்கும்போது சுலபமாகப் பிடிபடும்.

முதலில் அரூப ஓவியம். மரம், மாடு, மனிதன் என்று அடையாளம் சொல்லக்கூடிய எதையும் நம்பாமல், நிறம், கோடு, பரப்பு, இவற்றின் இழுபறியை மட்டும் வைத்து வரைவது அரூப ஓவியம். ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906லேயே இதைத் தொடங்கிவிட்டார், ரஷ்யாவில் பிறந்த காண்டின்ஸ்கி 1910களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு கொள்கையே எழுதினார். நமக்குப் பக்கத்தில் வேண்டுமானால் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலத்தை நினைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகளில் அவருடைய கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர், காந்தியைச் சில கோடுகளிலேயே எழுப்பி நிறுத்திய கை அது. அந்தக் கைதான் பின்னாளில் உருவமே இல்லாத பெரிய வண்ணப் பரப்புகளுக்குப் போனது. வரையத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கிறுக்குவார்கள் என்று நினைக்கிறவர்கள் ஆதிமூலத்தின் இரண்டு காலத்துப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், அந்தச் சந்தேகம் போய்விடும்.

அரூபத்தில் எல்லாமே முழு அரூபம் கிடையாது. ஒரு முகம் பாதி தெரியும், பாதி கரைந்திருக்கும். ஷ்னாபெல் பெரும்பாலும் இந்த நடுவழியில் நிற்கிறவர். அவர் படத்தில் ஆள் இருப்பார், ஆனால் ஆளைப் பார்க்க விடாமல் ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருக்கும். அந்தக் குறுக்கீட்டைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சரி, அந்தக் குறுக்கீடு எங்கிருந்து வருகிறது? பொருளிலிருந்து வருகிறது.

1978இல் ஷ்னாபெல் ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே கௌடி என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பூங்காவில், வளைந்து வளைந்து ஓடும் திண்ணைகள் முழுக்க உடைந்த ஓடுகளும் பீங்கான் சில்லுகளும் பதித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவர் மரப்பலகையில் பீங்கான் தட்டுகளை உடைத்து ஒட்டி, அதன் மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒட்டுவதற்கு என்ன பயன்படுத்தினார் தெரியுமா, கார் ஒடுக்கு எடுக்கிற டிங்கரிங் பட்டறையில் பூசுகிறார்களே, அந்த வகைப் பட்டி. முதல் படம் ஏறத்தாழ எட்டடி உயரம், ஒன்பதடி அகலம். 1979இல் நியூயார்க்கின் மேரி பூன் காலரியில் இந்தத் தட்டு ஓவியங்கள் வந்தபோது அவர் ஒரேயடியாகப் பிரபலமாகிவிட்டார்.

கொஞ்சம் நிதானமாக இந்தத் தட்டுகளைப் பார்ப்போம், இங்கேதான் விஷயம் இருக்கிறது. கேன்வாஸ் துணியில் ஒரு மூக்கை வரைய வேண்டுமானால் தூரிகையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம். உடைந்த தட்டின் மேல் இழுத்தால் தூரிகை விளிம்பில் தட்டும், குழியில் விழும், அடுத்த சில்லில் ஏறும், நடுவில் இடைவெளி வந்தால் கோடே அறுந்துபோகும். ஆக, ஓவியர் நினைத்த கோடு ஒன்று, தட்டு அனுமதித்த கோடு வேறு. அப்புறம் நிழல். தட்டுகள் பலகையிலிருந்து எழும்பி நிற்பதால் ஒவ்வொரு சில்லும் தன் நிழலைத் தானே போடுகிறது, அறையின் விளக்கை நகர்த்தினால் படத்தின் முகமே மாறும். இதற்கு மேல் பீங்கானின் வெள்ளை இருக்கிறது, அது யாரும் பூசாத வெள்ளை, தொழிற்சாலையிலிருந்து வந்தது. கடைசியாக, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிற ஒன்று: தட்டு என்பது சாப்பிடுகிற சாமான், அது உடைந்தால் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும், யாரோ ஒருவர் பதறுவார். அந்தப் பதற்றம் படத்துக்குள் ஒட்டியே வந்துவிடுகிறது, ஓவியர் அதற்காகத் தனியாக எதுவும் வரைய வேண்டியதில்லை.

இதை நம் ஊர்த் தொழிலோடு ஒப்பிட்டுச் சொன்னால் இன்னும் விளங்கும். ஆத்தங்குடியில் கல் போடுகிறவர் முதலில் ஒரு கண்ணாடித் தகட்டை வைக்கிறார், அதன் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தை ஊற்றுகிறார். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பிச் சமன்படுத்துகிறார். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி பிரிந்து வரும்போதுதான் பூ தெரியும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, நிறம் கல்லின் உடம்பாகவே ஆகிவிட்டது, மேலே பூசியது இல்லை. பூவைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் பிரித்து எடுக்க முடியுமா? முடியாது. ஷ்னாபெலின் தட்டிலிருந்து முகத்தைப் பிரிக்க முடியாததும் அதே மாதிரிதான். வித்தியாசம், ஆத்தங்குடிக்காரர் தன் பொருளைப் பணிய வைக்கிறார், ஷ்னாபெல் தன் பொருள் திமிறட்டும் என்று விட்டுவிடுகிறார்.

ஓவியத்துக்குள் வேறு சாமான்களைக் கொண்டுவருவதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1912இல் பிக்காசோ ஒரு படத்தில் பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். இத்தாலியின் அல்பெர்த்தோ புர்ரி கதை இன்னும் கனமானது. அவர் டாக்டர், இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராக இருந்து 1943இல் துனிசியாவில் பிடிபட்டு, டெக்சாஸில் ஒரு கைதி முகாமில் அடைக்கப்பட்டார். வரைய ஆரம்பித்தது அங்கேதான். விடுதலையான பிறகு கிழிந்த கோணிச் சாக்குகளைத் தைத்தும் ஒட்டும் போட்டும் ஓவியங்கள் செய்தார், பிறகு பிளாஸ்டிக்கைத் தீயில் உருக்கினார். காயம் தைத்த கை அது என்று தெரிந்த பிறகு அந்தச் சாக்குத் தையலை யாராலும் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியாது. ஜெர்மனியின் ஓவியர் கீஃபர் வைக்கோல், ஈயம், சாம்பல் என்று போனார். நம் பக்கமும் இது புதிதில்லை: ரவிவர்மா அச்சுப் படத்தில் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜத் துணியில் சேலை கட்டி, ஜரிகை, ஜிகினா, மணி எல்லாம் ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டிய படங்களைச் செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அப்பத்தாக்கள் காலத்து வீட்டுப் பெண்களின் கைவேலை, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் கண்ணில் படும். படம் தட்டையாக இருந்தால் போதாது, அதில் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்ற ஆசை மனிதருக்குப் பழைய ஆசை.

ஷ்னாபெல் தட்டோடு நிற்கவில்லை. வெல்வெட் துணியில் வரைந்தார். வெல்வெட் எண்ணெய் வண்ணத்தைக் குடித்துவிடும், தப்பாக விழுந்த கோட்டை அழிக்க வழியில்லை, கறுப்புப் பரப்பிலிருந்து வெளிச்சம் மட்டும் மிதந்து வரும். மெக்சிகோ எல்லை ஊர்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வெல்வெட்டில் வரைந்து விற்கிற மலிவான படங்கள் பிரபலம், அந்தச் சந்தைச் சரக்கைத்தான் அவர் காலரிச் சுவருக்கு ஏற்றினார். ஓவியர் ஆண்டி வார்ஹாலை 1982இல் அவர் வரைந்ததும் வெல்வெட்டில்தான். ஜப்பானிய கபுகி நாடகத்துக்கு வரைந்த பழைய திரைச்சீலைகளை வாங்கி அவற்றின் மேலேயே வரைந்தார். படகுப் பாய்களையும் விட்டுவைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை தார்ப்பாய் ஓவியங்கள். பழைய தார்ப்பாயை விரித்தாலே அதில் ஒரு படம் தயாராக இருக்கும்: மழைத் தண்ணீர் தேங்கிய கறை, மடித்த இடத்தில் வெளுத்த கோடு, கிழிசலில் போட்ட ஒட்டு, ஓரத்தில் கயிறு கோர்த்த வளையங்கள். காரைக்குடி வழியாகப் போகிற எந்தச் சரக்கு லாரியின் முதுகிலும் இதைப் பார்க்கலாம். ஷ்னாபெல் அதன் மேல் வெள்ளையில் ஒரு பெரிய வடிவம், அல்லது சில எழுத்துகள், அவ்வளவுதான் போடுவார், சில படங்களில் அதைவிடவும் குறைவு. தார்ப்பாய் பத்து வருடம் வெயிலில் கிடந்து வாங்கிய கறைக்கும், ஓவியர் ஒரு நாளில் போட்ட கோட்டுக்கும் அந்தப் படத்தில் ஒரே மரியாதை. உருவம் எதுவும் இல்லாததால்தான் அந்தக் கறை நம் கண்ணில் படுகிறது. நடுவில் ஒரு குதிரையை வரைந்திருந்தால் எல்லோரும் குதிரையைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். அரூபமும் பொருளும் ஏன் இப்படி ஒன்றையொன்று தேடிப் போகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்: உருவம் விலகிக்கொண்டால் பொருள் பேச ஆரம்பிக்கும்.

இனி சினிமா. காரைக்குடிக்காரர்களுக்கு இது வெளியூர் விஷயம் இல்லை, ஏ.வி. மெய்யப்பன் 1940களில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ போட்டுப் படம் எடுத்தார், 1948இல்தான் சென்னைக்குப் போனார். பலகையும் துணியும் சாந்தும் சரியான வெளிச்சத்தில் அரண்மனையாகும் என்பதை அன்றைக்கே பக்கத்திலிருந்து பார்த்த ஊர் இது.

ஓவியருக்கு சினிமா கொடுத்தது கதை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலில் கொடுத்தது அளவு. பேனர் வரைகிறவரை நினைத்துப் பாருங்கள். சாரத்தில் ஏறி நின்று கட்டம் கட்டமாக வரைகிறார், அவர் முகத்துக்கு முன்னால் இருப்பது நடிகரின் கன்னத்தில் நாலடி, வெறும் ஊதாவும் ஆரஞ்சும் சிவப்பும்தான் அவருக்குத் தெரியும். தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றால்தான் அது சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று புரியும். எம்.எஃப். ஹுசைன் இளமையில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தவர், நியூயார்க்கின் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட்டும் விளம்பரப் பலகை வரைந்தவர்தான். கிட்டே அரூபம், தூரத்தில் உருவம் என்ற பாடத்தை இவர்கள் சாரத்தின் மேல் படித்தார்கள். ஷ்னாபெலின் தட்டு ஓவியமும் அப்படித்தான், மூக்கு ஒட்டும் தூரத்தில் வண்ணம் வழிந்த பீங்கான் குப்பை, பதினைந்து அடி பின்னால் வந்தால் ஒரு மனிதர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் இந்த வகைப் படங்களின் முன் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

இரண்டாவதாக வெட்டு. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். ஒரே முகம்தான், ஆனால் பார்த்தவர்களுக்கு ஒன்றில் பசியும் இன்னொன்றில் துக்கமும் தெரிந்தன. சம்பந்தமில்லாத இரண்டை அருகருகே வைத்தால் பார்க்கிறவர் மனசு நடுவில் பாலம் கட்டிக்கொள்ளும். வெல்வெட்டில் ஒரு முகம், அதன் மேல் தொடர்பே இல்லாத ஒரு வெள்ளைத் தெறிப்பு என்று ஷ்னாபெல் போடும்போது இதே வேலைதான் நடக்கிறது. இது எதற்கு இங்கே என்று எரிச்சல் வந்தால், எரிச்சல் வந்த அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அரூபம், பொருள், சினிமா மூன்றும் முழுசாக ஒன்றுக்குள் ஒன்று கரைந்த இடம் என்று என்னைக் கேட்டால் ஷ்னாபெலை விட்டுவிட்டு இன்னொருவரைக் காட்டுவேன். ஸ்டான் பிராக்கேஜ் என்ற அமெரிக்கர் 1963இல் கேமராவே இல்லாமல் ஒரு படம் செய்தார். விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் சிறகுகள், இலை, பூவிதழ் எல்லாவற்றையும் பொறுக்கி, இரண்டு ஒட்டும் டேப்புகளுக்கு நடுவில் வரிசையாக அடுக்கி, அந்தச் சுருளையே லேபில் பிரிண்ட் போட்டார். ஓடுவது நாலு நிமிஷத்துக்குள். சத்தம் கிடையாது, கதை கிடையாது, பழுப்பும் பச்சையும் நரம்புகளும் படபடவென்று திரையில் பறக்கும், செத்த பூச்சி மறுபடி துடிப்பது மாதிரி இருக்கும். நவீன ஓவியம் புரியவில்லை என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான், ஏனென்றால் இதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை, சிறகு சிறகாகவே இருக்கிறது.

ஷ்னாபெல் சினிமாவுக்குப் போனபோது ஓவியத்தில் பழகியதை அங்கே கொண்டுபோனார். கானில் விருது வாங்கிய படம், பக்கவாதத்தில் உடம்பு முழுக்கச் செயலிழந்து இடது கண் இமை மட்டும் அசைகிற ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியரைப் பற்றியது. அவர் இமைத்து இமைத்தே ஒரு புத்தகம் சொல்லி எழுதவைத்தார், நிஜத்தில் நடந்தது. படத்தின் தொடக்கத்தில் கேமரா அந்த மனிதரின் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும், எல்லாம் மங்கும், சாயும், பாதி வெட்டுப்படும். அவருடைய வலது கண்ணைத் தைத்து மூடுகிறார்கள், அந்தத் தையலை நாம் உள்ளேயிருந்து பார்க்கிறோம். முதல்முறை பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வான்கோ பற்றி 2018இல் எடுத்த படத்தில் சில காட்சிகளில் திரையின் கீழ்ப்பாதி மட்டும் கலங்கித் தெரியும், இரட்டைப் பவர் கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தக் கலங்கல் பழக்கமாகியிருக்கும். ஒரு பரப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாமல், பார்வைக்கு நடுவில் எதையாவது நிறுத்துவது. தட்டு செய்த வேலையை இங்கே லென்ஸ் செய்கிறது.

இவ்வளவு சொன்னதால் அவர் செய்ததெல்லாம் அற்புதம் என்று அர்த்தமில்லை. டைம் இதழின் விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் அவரை விடாமல் கிழித்தார், அதில் நியாயமும் உண்டு. சில படங்கள் பெரிதாக இருக்கின்றன என்பதைத் தவிர வேறெதுவும் இல்லாதவை. நல்லதையும் சுமாரையும் பிரிக்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்தப் பொருளை எடுத்துவிட்டு இதே படத்தைச் சாதாரணக் கேன்வாஸில் வரைந்திருந்தால் என்ன குறையும் என்று யோசிப்பேன். ஒன்றும் குறையாது என்றால் அது வித்தை காட்டுவது, அவ்வளவுதான். தார்ப்பாய் ஓவியங்கள் இதில் ஜெயிக்கின்றன, தார்ப்பாயை எடுத்துவிட்டால் அங்கே படமே இல்லை.

போனில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தட்டின் நிழலும் வெல்வெட்டின் ஆழமும் போன் திரையில் செத்துப்போகும், எட்டடிப் படம் உள்ளங்கையளவு ஆகிவிடும். ஷ்னாபெலை நேரில் பார்க்க நாம் கடல் தாண்ட வேண்டும், ஆனால் இந்தப் பழக்கத்தை ஆரம்பிக்கச் சென்னை ஈஞ்சம்பாக்கம் போதும். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஓவியர்களைச் சேர்த்து உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது, அருங்காட்சியகமும் உண்டு. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி எழுப்பிய உருவங்கள், நந்தகோபாலின் உலோக வேலைகள் இவற்றை விளக்குக் கோணம் பார்த்துச் சுற்றி வாருங்கள். பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" வரிசைப் படங்களுக்கு முன் வரும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: ஜாதகக் கட்டம் மாதிரி, ஏட்டுச் சுவடி எழுத்து மாதிரி நிறையத் தெரியும், கை பரபரக்கும், படிக்கத் தோன்றும். படிக்க முடியாது. அது படித்து அர்த்தம் எடுக்க எழுதிய எழுத்து இல்லை. கோடு எங்கே நெருங்குகிறது, எங்கே நிறம் அதற்கு இடம் விடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் அடுத்த படத்துக்குப் போங்கள்.